க்ரீம் அண்ணனும் வெள்ளைத் திரையும்

அந்தமான் கடல் இன்னும் நீலமாக இருப்பதற்கு ஒரே காரணம், அதை டிசைன் செய்யும் வேலையை யாரும் க்ரீம் அண்ணனிடம் கொடுக்காததுதான்.

அந்தமானில் ஹேடோ என்ற பகுதியில் ஒரு சின்ன டிசைன் கடையில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து கம்ப்யூட்டர். மதுரைக்காரர். சொந்தப் பெயர் ஆதார் அட்டைக்கு மட்டும்தான் தெரியும். கல்யாணப் பத்திரிகையோ மீன்கடை விளம்பரமோ, எது வந்தாலும் பின்னணியில் பாலேடு மாதிரி இதமான ஒரு க்ரீம் நிறம் போட்டுவிடுவார்.

"ஸ்கிரீன்ல வெள்ளைய வச்சா, மூஞ்சிக்கு நேரா டியூப்லைட்ட புடிச்ச மாதிரி இருக்கு தம்பி. எவன் படிப்பான்?"

ஒரு பல் டாக்டரின் விளம்பரத்தில் பின்னணியோடு நிற்காமல் பற்களையும் க்ரீம் ஆக்கிவிட்டார். டாக்டர் போன் செய்தார். "பாய், யே இலாஜ் கே பெஹ்லே கா போட்டோ ஹை க்யா?" சிகிச்சைக்கு முன் எடுத்த படமா என்று கேட்கிறார்.

"நஹி டாக்டர் சாப், நேச்சுரல் ஹை" என்றார் அண்ணன், நிதானமாக.

டாக்டர் வேறு கடைக்குப் போய்விட்டார். முதலாளி அண்ணனைக் கூப்பிட்டு, "இனி ஒரு பார்ட்டி க்ரீமால போச்சுன்னா, நீ மெயின்லேண்ட் கப்பல் ஏறிரு" என்றார்.

அடுத்து வந்தது ஹேவ்லாக் தீவு ரிசார்ட் ஒன்றின் வெப்சைட். அதன் ஓனர் ஒரு வங்காளி தாதா. பயப்பட வேண்டாம், அவர்கள் மொழியில் தாதா என்றால் அண்ணன். வெள்ளைதான் வேண்டும் என்று சொல்லியிருந்தார். அண்ணன் வெள்ளையில் ஒன்றும், அடங்காமல் க்ரீமில் ஒன்றும் செய்து வைத்தார்.

"அண்ணே, வெள்ளைய மட்டும் காட்டுங்க. வேலை போயிரும்" என்று கெஞ்சினேன்.

"மொதல்ல அதத்தான் காட்டுவேன், தம்பி."

அன்று கடல் சரியில்லை. படகில் குலுங்கி வந்த தாதா, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி கடைக்குள் நுழைந்தார். அண்ணன் வெள்ளைப் பக்கத்தை முழு வெளிச்சத்தில் திறந்தார். தாதா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"பந்த் கரோ பாய். சக்கர் ஆ ரஹா ஹை." மூடச் சொல்கிறார், தலை சுற்றுகிறதாம்.

அண்ணன் க்ரீம் பக்கத்துக்கு மாற்றினார். தாதா ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மற்றதையும். முதலாளி எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"யே டீக் ஹை. இஸ்மே ஆராம் ஹை." இதுதான் சரியாம், கண்ணுக்கு இதமாக இருக்கிறதாம்.

அண்ணனின் வேலை தப்பியது. அதற்கப்புறம் அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை; கடை வாசல் போர்டையும் க்ரீமுக்கு மாற்றிவிட்டார்.

போன மாதம் என் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். போனைப் பார்த்தாலே கூசுகிறது என்று அதைத் தள்ளியே வைத்திருந்தாள். அண்ணன் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு வந்து, திரையை இதமான க்ரீமாக்கி, எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தார். அம்மா சென்னையிலிருக்கும் என் தங்கையின் மெசேஜைத் தானே சத்தமாகப் படித்தாள்.

இப்போதெல்லாம் மீன் குழம்பு வைத்தால், எனக்குப் பரிமாறும் முன்பே அண்ணனுக்கு ஒரு டப்பா கட்டி வைத்துவிடுகிறாள். அதை எடுத்துப் போவது நான்தான். சிந்தாமல் எடுத்துப் போகிறேன்.