இராயப்பரின் மூக்கு

இராயப்பரின் மூக்கு சரியில்லை என்று கோயில் மூப்பர் வந்து சொன்னபோது வின்சன்ற் தேத்தண்ணியை வாயருகே கொண்டுபோயிருந்தார். கோப்பை அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

"மூக்கிலை என்ன பிழை, மூப்பர்?"

"மூக்கு நல்ல மூக்குத்தான். ஆனால் அது வஸ்தியாம்பிள்ளையின்ரை மூக்கு."

"ஆர் சொன்னது?"

"சனம் கதைக்குதாம். பாதர் சொல்லிவிட்டவர். உந்தப் படத்துக்கு முன்னாலை தான் முழங்காலிலை நிக்கமாட்டன் எண்டு நீக்கிலாஸ் சொல்லிப்போட்டானாம்."

மூப்பர் சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை. ஒரு காலை மதிலில் ஊன்றியபடி செய்தியைச் சொல்லிவிட்டு, மற்றக் காலால் மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

நீக்கிலாஸ் அப்படிச் சொல்லக்கூடிய ஆள்தான். அவரும் வஸ்தியாம்பிள்ளையும் கதைத்துப் பதினொரு வருஷம் ஆகிறது. ஒருவருடைய வலையை மற்றவருடைய படகு எஞ்சின் விசிறி அறுத்துவிட்டது. வலையைப் போகிற பாதையில் விட்டது பிழையா, பாதையைப் பார்க்காமல் ஓடியது பிழையா என்பது இன்றுவரை மயிலிட்டிக் கடலுக்கு மட்டுந்தான் தெரியும்.

புனித பேதுருவை அந்தக் கரையில் பழைய ஆட்கள் இன்னும் இராயப்பர் என்றுதான் சொல்வார்கள். வலை வீசின மனிசன், ஆகவே எங்கள் ஆள் என்று ஒரு உரிமை. கடற்கரையோரச் சிறு கோயிலில் இருந்த அவருடைய படத்தைப் போன மாரியில் கறையான் தின்று தீர்த்துவிட்டது. அந்த வெறுஞ்சுவரை நினைத்துத்தான் வின்சன்ற் நேர்த்தி வைத்திருந்தார்.

ஜேர்மனியில் இருக்கும் மகள் லவீனாவுக்குப் பிள்ளைப்பேறு கடுமையாகிப்போன அன்று, எஞ்சின் திருத்துகிற கொட்டிலுக்குள் எண்ணெய்க் கையோடு முழங்காலில் விழுந்தார். "பிள்ளை சுகமாய்ப் பெத்தெழும்பினால், வாற திருநாளுக்கு என்ரை கையாலை உமக்கு ஒரு படம் வைப்பன்" என்று அழுதார். இரண்டு மணித்தியாலத்தில் பேரன் பிறந்தான். இராயப்பர் தன் பங்கைச் செய்துவிட்டார்.

மனைவி இராசாத்திக்கு ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது.

"கையாலை எண்டுதானே நேர்ந்தனீங்கள். உங்களுக்குக் கோடு கீறவே தெரியாதே."

"போனிலை கீறுவன்."

"அது போன் கீறுறது."

"விரல் என்ன காலிலையோ இருக்கு? விரலும் கைதான்."

வின்சன்ற்றின் போனில் ஒரு செயலி இருந்தது. எந்தப் படத்தைக் கொடுத்தாலும் அதை எண்ணெய் ஓவியம் ஆக்கித் தரும், நீர்வர்ண ஓவியம் ஆக்கித் தரும், கரியால் கீறினதுபோலவும் தரும். வீட்டுப் பூனை எண்ணெய் ஓவியமாகி ஆறு மாதம். இராசாத்தியின் புட்டுக்குழல்கூட நீர்வர்ணத்தில் ஆவி பறக்க நின்றது. எஞ்சினைத் தவிர வேறு எதையும் தொடாத மனிதருக்கு ஐம்பத்தைந்தாவது வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில் இராசாத்திக்கும் உள்ளூர ஒரு பெருமைதான். வெளியில் காட்டிக்கொள்ள மாட்டார்.

வஸ்தியாம்பிள்ளையைப் பிடித்தது தற்செயல். காயப்போட்ட கருவாட்டைக் காகம் தூக்கிக்கொண்டு போக, தாடி காற்றில் பறக்க, மனிசன் இரண்டு கையையும் விரித்து வானத்தைப் பார்த்துத் தூஷணத்தில் பேசிக்கொண்டிருந்தார். வின்சன்ற் மறைவில் நின்று படம் எடுத்தார். எண்ணெய் ஓவியமாக்கிப் பார்த்தால், பரலோகத்தை நேரில் கண்ட முகம். சாரத்தின் மேல் ஒரு அங்கி போட்டு, கையில் பரலோகத்தின் சாவியாக ஒரு திறப்பையும் ஒட்டியதும் இராயப்பர் தயார்.

யாழ்ப்பாணத்தில் அஞ்சலிப் பனர் அடிக்கிற கடைக்காரன் அதைச் சீலையில் பெரிதாக அடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் கேட்டான்.

"கீழை திகதி போடோணுமே, ஐயா எப்ப மோசம் போனவர்?"

"ரெண்டாயிரம் வருசம் வரும்" என்றார் வின்சன்ற்.

திருநாளுக்கு நாலு ஞாயிறு இருந்தது. ஈஸ்ரருக்குப் பிறகு வந்த புதுப் பாதர் இளந்தாரி, பொறுமைசாலி. படத்தைப் பார்த்ததும் அவருக்கு நல்ல சந்தோஷம். "இப்பவே தொங்கவிட்டுப் பாப்பம். சனம் என்ன சொல்லுது எண்டு அறியலாம்" என்றார். அந்தச் சனத்தில் பெண்கள்தான் கூட. ஆண்கள் பக்கத்து வாங்குகளில், அந்த நீள மர இருக்கைகளில், புறா வந்து முட்டையிட்டாலும் கேட்க ஆளில்லை. ஆண்களுடைய ஞாயிறு கடற்கரையில், கிழிந்த வலை பொத்துவதிலும் ஊர்க்கதையிலும் போய்விடும். வின்சன்ற்றும் அந்தக் கூட்டம்தான்.

அந்த ஞாயிறு தொங்கிய படத்துக்குத்தான் திங்கட்கிழமை மூக்குப் பிரச்சினை வந்தது.

மூப்பர் போன கையோடு வஸ்தியாம்பிள்ளையின் மனைவி ஜெசிதா படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"வின்சன்ற் அண்ணை, என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறியள்? அந்தாள் நேற்று படத்தைப் பாக்கவெண்டு முன் வாங்கிலை போய் இருந்தவர். கலியாணத்துக்குப் பிறகு இப்பதான் அந்த வாங்கைக் கண்டவர். பூசை முடிய, ரெண்டு பேர் பகிடிக்குக் கையெடுத்துக் கும்பிட்டிட்டினம்."

"அதுக்கு?"

"வீட்டை வந்து, திறப்பைத் தன்னட்டைத் தரட்டாம். அலுமாரித் திறப்பையும் சேர்த்து. கிணத்திலை தண்ணி அள்ளச் சொன்னால், ஆரைப் பாத்து என்ன சொல்லுறாய் எண்டு கேக்கிறார்."

இதுக்கு மேல் தாமதிக்கக்கூடாது என்று வின்சன்ற் போனைக் கையில் எடுத்தார். செயலியில் முகத்தை இழுக்கலாம், சுருக்கலாம். மூக்கை அரைவாசி ஆக்கினார். தாடியைக் கத்தரித்தார். புருவத்தைக் கொஞ்சம் நெருக்கினார். மறுபடி எண்ணெய் வர்ணம், மறுபடி யாழ்ப்பாணத்து பஸ், மறுபடி சீலை. இரண்டாம் ஞாயிறு புது இராயப்பர் சுவரில் ஏறினார்.

திங்கட்கிழமை மூப்பரின் கால் மதிலில் ஏறியது.

"பாதர் சொல்லிவிட்டவர். இது நீக்கிலாசாம்."

"அதெப்பிடி? நான் நீக்கிலாசைப் படமே எடுக்கேல்லை."

"அவங்கள் ரெண்டு பேரும் ஆர்? அக்கா தங்கச்சியின்ரை பிள்ளையள். வஸ்தியானிலை மூக்கையும் தாடியையும் குறைச்சால் மிச்சம் நீக்கிலாஸ்தானே. இப்ப வஸ்தியானுக்குச் சரியான மனவருத்தமாம்."

வின்சன்ற் தலையில் கை வைத்தார். அவர் செய்தது திருத்தம் இல்லை, ஒரு குடும்பத்துக்குள்ளேயே ஆளை மாற்றியிருக்கிறார்.

வஸ்தியாம்பிள்ளையிடம் நேரே போய் மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தார். கேட்கப்போனால் பதினொரு வருஷத்து வலைக்கதையை முதலிலிருந்து கேட்கவேண்டி வரும் என்ற பயத்தில் போகவில்லை. வழியில் ஜெசிதாவைக் கண்டபோதும் தலையைக் குனிந்தார். அவரோ சிரித்துக்கொண்டு வந்தார்.

"மாத்தினது நல்லதாப்போச்சு, அண்ணை. இப்ப தண்ணி அள்ளுறார்."

"மனவருத்தமாய் இருக்கிறாரோ?"

"அப்பிடி ஒண்டும் தெரியேல்லை. வாற ஞாயிறுக்கு இப்பவே சேட்டு மினுக்கி வைச்சிருக்கிறார். நீக்கிலாசின்ரை மூஞ்சையை இன்னொருக்கால் வடிவாய்ப் பாக்கோணுமாம்."

கோபத்தை வெளியில் காட்டாத மனிதனின் மனவருத்தம் இன்னும் ஆழமானது என்று வின்சன்ற் முடிவுகட்டினார். நல்ல மனிதர்களுக்கு எதிலும் தங்கள் பிழைதான் முதலில் தெரியும்.

இந்த முறை முகத்தையே தெரியவிடாமல் செய்வது என்று எண்ணெய் வர்ணத்தின் அளவை நூறு வரைக்கும் தள்ளினார். தூரிகைக் கோடுகள் கயிற்றுத் தடிப்பில் வந்தன. கண்ணும் மூக்கும் வெறும் திட்டுகளாயின. கிட்ட நின்று பார்த்தால் சொதி கொட்டுண்ட மேசைச்சீலை, தள்ளி நின்று பார்த்தால் தாடிக்காரர் ஒருவர். இதில் யார் யாரைக் கண்டுபிடிப்பது என்று நிம்மதியாக இருந்தார்.

மூன்றாம் ஞாயிறு ஊரே கண்டுபிடித்தது. மீனவர் சங்கத் தலைவர் தன் தகப்பன் என்றார். ஐஸ் கொம்பனிக்காரர் தன் மாமா என்றார். ஒரு வயதான பெண், முப்பது வருஷத்துக்கு முன் படகேறி மண்டபம் அகதி முகாமுக்குப் போய்த் திரும்பாத தன் புருஷன் என்று சொல்லிப் படத்தடியில் மெழுகுதிரி கொளுத்தினார். உள்ளே இடமில்லாமல் ஆண்கள் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியில் நின்றார்கள். வஸ்தியாம்பிள்ளையும் நீக்கிலாசும் ஒரே தூணில் சாய்ந்து, ஒருவரை ஒருவர் பாராமல், இடது கண் யாருடையது என்று பொதுவாகக் காற்றிடம் கேட்டுக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை மூப்பர் வழக்கம்போல வந்தார்.

"சனத்துக்குள்ளை பெரிய குழப்பமாம். மாத்திப் பாக்கட்டாம் எண்டு பாதர் சொன்னவர்."

வின்சன்ற்றுக்கு உண்மையாகவே பயம் பிடித்துவிட்டது. அன்று மத்தியானம் லவீனா வீடியோவில் வந்தபோது பேரன் விக்கிக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு நேரமாய் விக்குறான்?"

"பால் குடிச்சவன், அப்பா. எல்லாப் பிள்ளையும் விக்குந்தானே."

எல்லாப் பிள்ளைகளுக்காகவும் அவர் நேரவில்லையே. திருநாளுக்கு ஒரு கிழமை கிடக்கிறது, சுவரில் ஒரு குழப்பம் தொங்குகிறது. இராயப்பர் பொறுமையிழந்து வருகிறார் என்றே அவருக்குப் பட்டது. சாப்பிட மனமில்லாமல் குசினி வாசலில் போய்க் குந்தினார்.

இராசாத்தி கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தார். ஒடியல் மாக் கரைசலை ஊற்றிக் கிண்டியபடியே சொன்னார்.

"ஒரு முகத்தை வைச்சு மாத்தி மாத்தி என்ன செய்யிறியள்? ஊரிலை உள்ள ஆம்பிளையள் எல்லாரையும் ஒண்டாய்ப் போடுங்கோ."

"போட்டால்?"

"இந்தக் கூழுக்குள்ளை நண்டு, றால், திரளி மீன், பயித்தங்காய் எல்லாம் கிடக்கு. குடிக்கேக்கை இது திரளியின்ரை ருசி எண்டு ஆரும் சொல்லுறவையோ? கூழின்ரை ருசி எண்டுதானே சொல்லுறம்."

வின்சன்ற் இரண்டு கிண்ணம் கூழ் குடித்துவிட்டுத் துறைமுகத்துக்குப் போனார். நாலு நாளில் முப்பத்திரண்டு ஆண்களைப் படம் எடுத்தார். ஒன்றின் மேல் ஒன்றாக, ஒவ்வொன்றையும் மெல்லிசாய்ப் படியவிட்டார். கடைசிப் படமும் படிந்தபோது போனில் ஒரு முகம் எழும்பி வந்தது. வெயிலில் காய்ந்த முகம். கண்ணில் களைப்பும் இருந்தது, ஒரு நயமும் இருந்தது. அது வஸ்தியாம்பிள்ளை இல்லை, நீக்கிலாஸ் இல்லை, யாருமே இல்லை. வின்சன்ற்றுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் தன்னையறியாமல் போனுக்குச் சிலுவை அடையாளம் போட்டார்.

சீலையில் அடித்து வந்த படத்தை இராசாத்தி வெகுநேரம் பார்த்தார்.

"வடிவாய்த்தான் இருக்கு. ஆனால் கையாலை எண்டு நேர்ந்தது..."

வின்சன்ற் எழும்பிக் கொட்டிலுக்குப் போனார். படகுக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் பெயின்ரை எடுத்து, சின்னத் தூரிகையால், இராயப்பரின் வெறுங்கையில் ஒரு திறப்பைத் தானே கீறினார். வேர்த்து விறுவிறுக்கக் கீறி முடித்துத் தள்ளி நின்று பார்த்தால், அது அச்சொட்டாய்ப் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானர். முப்பது வருஷமாய் எஞ்சின் திருத்திய கைக்குத் தெரிந்தது அதுதான்.

"திறக்கிற சாமான்தானே" என்று இராசாத்தி சொல்லிவிட்டு, கனகாலத்துக்குப் பிறகு அவருடைய கையைப் பிடித்துப் பார்த்தார்.

திருநாளுக்கு முதல்நாள் படத்தைச் சுருட்டிக்கொண்டு வின்சன்ற் கோயிலுக்குப் போனார். மூப்பர் தனியே நின்று வாங்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆண்கள் பக்கத்தில் புதிதாக ஆறு வாங்குகள் வந்திருந்தன.

மூப்பர் படத்தை விரித்து, கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றியும் பார்த்தார்.

"ஆரப்பா இது?"

"ஒருத்தரும் இல்லை, மூப்பர்."

"வடிவாய்த் தெரியுமோ?"

"துறைமுகத்திலை எல்லாருக்கும் காட்டிப்போட்டன். ஒருத்தருக்கும் ஆரெண்டு பிடிபடேல்லை. இனி ஆருக்கும் மனவருத்தம் வராது."

மூப்பர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மெல்ல வாங்கில் உட்கார்ந்தார். பாதரின் வீட்டுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கு உந்தப் படத்தையே தொங்கவிடுவம், உம்மடை நேர்த்தி தீரட்டும். ஆனால் அடுத்த ஞாயிறுக்கு மற்ற அப்போஸ்தலர் சின்னப்பரின்ரை படத்தைத் தொடங்கட்டாம், நல்லாய் அடையாளம் தெரியிற ஒரு மூக்காய்ப் பாத்து. ஒருத்தரும் ஒரு முறைப்பாடும் சொல்லேல்லை, வின்சன்ற். உந்த ஆம்பிளையளைக் கோயிலுக்குள்ளை கொண்டுவரப் பாதருக்கு வேறை வழி தெரியேல்லை."