கயிறு சாரும் காணாமல் போன கடலையும்

எங்கள் மத்தூர் பக்கத்தில் அளக்கப்படாத பொருள் ஏதாவது மிச்சம் இருந்தால், அது கயிறு சாரின் கண்ணில் இன்னும் படவில்லை என்று அர்த்தம். வகுப்பறை, வேப்பமரம், தலைமையாசிரியை அம்மாவின் சுதந்திர தினப் பேச்சு என்று எல்லாவற்றையும் அவர் அளந்துவிட்டார். மரத்துக்குக் கயிறு. பேச்சுக்கு மட்டும் அடியில் ஓட்டை போட்ட ஒரு தண்ணீர் பாட்டில். "அம்மா ஒன்றரை பாட்டில் பேசினாங்க" என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நோட்டில் எழுதிவைத்திருந்தார்கள். அம்மா அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாருடன் பேசவில்லை.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. பத்து மீட்டர் நைலான் கயிறு, மீட்டருக்கு ஒரு முடிச்சு. அதைத் தோளில் சுற்றிக்கொண்டு மொபெட்டில் வருவார். புதிதாகப் பார்ப்பவர்கள் வண்டியை நிறுத்தி, "மாடு அவுத்துக்கினு ஓடிட்சா சார்?" என்று அக்கறையாகக் கேட்பார்கள். "இல்லீங்க, பள்ளிக்கூடத்துக்குத்தான் போறேன்" என்பார். கேட்டவர்களுக்கு மேலும் குழப்பம்.

போன வருடம் என் மகள் வினோதினி அவரிடம் ஐந்தாவது படித்தாள். அந்த வகுப்பில் பதினோரு பிள்ளைகள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், கன்னடம் பேசுகிறவர்கள், எங்களைப் போலத் தமிழ் பேசுகிறவர்கள் என்று கலந்து இருந்தார்கள். முதல் வாரமே சார் அவர்களை மூன்று குழுவாகப் பிரித்து, பள்ளிச் சுவரை அவரவர் வீட்டுப் பேச்சில் எண்ணி அளக்கச் சொன்னார். ஒரு பக்கம் ஒகட்டி, ரெண்டு, மூடு. இன்னொரு பக்கம் ஒந்து, எரடு, மூரு. சத்தம் கேட்டுப் பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் ஏலம் நடக்கிறது என்று எழுந்து வந்தார்கள். மூன்று குழுவுக்கும் ஒரே விடை.

"பாத்தீங்களா? செவுத்துக்கு எந்தப் பாஷையும் தெரியாது. நாம சரியா அளந்தா அது சரியாச் சொல்லும்" என்றாராம் சார். வினோதினி அன்று இரவுச் சோற்றை வைத்துக்கொண்டு இதை நான்கு தடவை சொன்னாள்.

நான் போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. யாரிடமும் போய்ப் பேசுகிற ஆள் இல்லை. பெற்றோர் கூட்டத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவேன். அங்கும் சார் விடவில்லை. ஒரு கூட்டத்தில் நேராக என்னிடம் வந்து, "நீங்க கேட்டுலேர்ந்து பேசினா எத்தனை மீட்டருக்குக் கேக்கும்?" என்றார். நான் தலையைக் குனிந்தேன். "சரி, விசிலு?" என்றார். "அது ரோடு வரைக்கும் கேக்குங்க சார்" என்றேன். எதையோ குறித்துக்கொண்டார்.

எங்கள் ஊரில் ஐந்தாவது வரைதான் உண்டு. ஆறாவதுக்கு ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளிக்குப் போக வேண்டும். வழி முழுக்க கம்பெனி லாரி ரோடு. பையன்களுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். பெண் பிள்ளைகளை நிறுத்திவிடுவார்கள். வினோதினியோடு சேர்த்து அந்த வருடம் ஐந்து பெண்கள். என் மனைவி முடிவே செய்துவிட்டாள்.

"கெலமங்கலத்துல எங்க அக்கா வூட்ல வுட்டுடலாம். ரோஜாத் தோட்டத்துல பூ பறிக்கக் கூடமாட இருக்கட்டும். லாரி ரோட்ல எம்புள்ளைய நடக்க வுட மாட்டேன்."

அவள் பயத்தில் தப்பில்லை. அந்த லாரிகளுக்குக் கேட்டைத் திறந்துவிடுகிறவனே நான்தான். நானும் ஐந்தாவதோடு நின்றவன். அதனால் மகளுக்காக என்ன சொல்வது என்றும் எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகளை ஏற்றிப் போக அரசு வண்டி கேட்டு ஊரில் மனு கொடுத்திருந்தார்கள். மூன்று கிலோமீட்டருக்கு மேல் இருந்தால்தான் வண்டி, இது இரண்டே கால்தான் என்று கல்வி ஆபீஸிலிருந்து பதில் வந்தது. வரைபடத்தில் ஊரிலிருந்து பள்ளிக்கு நேர்கோடு போட்டிருக்கிறார்கள். கோடு ஏரியின் நடுவே போகிறது.

சார் அந்தக் காகிதத்தை வகுப்பில் படித்துக் காட்டினார். "இது கொக்குக்குப் போட்ட கணக்கு. நாம புள்ளைங்களுக்குப் போடலாம்" என்றார். அந்த மாதக் கணக்குப் பாடம் அதுவாகவே ஆகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை காலையில் ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு வந்தவனைச் சார் வழியிலேயே பிடித்துக்கொண்டார். லாரியை நிறுத்த விசில் வேண்டும். முன்னால் இருவர் கயிற்றை இழுக்க, பின்னால் ஒருத்தி நுனியைப் பிடித்திருக்க, வினோதினி சாக்பீஸால் கோடு போட, ஊர்வலம் கிளம்பியது. கயிறு ஒருமுறை நீண்டால் டப்பாவில் ஒரு கடலை போட வேண்டும். கல் போட்டால் டப்பா கனக்கும் என்று சார் கணக்குப் போட்டு, உரித்த வேர்க்கடலையைத் தேர்ந்தெடுத்திருந்தார். டப்பா, வகுப்பிலேயே பொறுப்பான பையன் என்று இம்ரானிடம்.

லாரி டிரைவர்கள் என்னைப் பார்த்து மிரண்டார்கள். "இன்னாண்ணா, ரோட்டுக்கும் கேட் போட்டுட்டாங்களா?" என்றார் ஒருவர். நான் விசிலால் பதில் சொன்னேன்.

அந்தப் பள்ளி வாசலில் டப்பாவைக் கவிழ்த்து எண்ணினோம். இருநூற்று எண்பத்தெட்டு. இரண்டு கிலோமீட்டர் எண்ணூற்று எண்பது மீட்டர். மூன்றுக்கு நூற்றிருபது குறைச்சல்.

சார் இன்னொரு முறை எண்ணினார். பிறகு கயிற்றை மெதுவாகச் சுற்றினார். திரும்பி வரும் வழியில் வினோதினி என் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வெகுநாளாக அவள் அப்படிப் பிடித்ததில்லை.

"அதான் சாரே அளந்துட்டாரே. வுடு" என்றாள் என் மனைவி. அக்காவுக்குப் போன் போட்டும் சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை இம்ரான் வகுப்புக்குள் வராமல் வாசலிலேயே நின்று அழுதானாம். "சார், நான் கொஞ்சம் துன்னுட்டேன் சார்."

"எதடா?"

"ரோட்ட சார்."

டப்பாவின் எடையை அளந்த சார், இம்ரானின் பசியை அளக்காமல் விட்டுவிட்டார். எத்தனை தின்றான் என்று அவனுக்கே தெரியவில்லை. செய்தி ஊருக்குள் வந்ததும் பெற்றோர் பத்து பேர் பள்ளிக்கு ஓடினோம். நான் கடைசியில் நின்றேன்.

"ஒரு நாப்பது சேத்து எழுதிக்குங்க சார். யாரு வந்து பாக்கப் போறாங்கோ?" என்றார் ஒருவர்.

"தெரியாத எண்ணை எழுதினா அது கணக்கு இல்லீங்க, வேண்டுதல்" என்றார் சார். "திரும்ப அளப்போம்."

"திரும்ப அளந்தும் கொறஞ்சா?"

சார் கயிற்றின் முடிச்சு ஒன்றைத் தடவிக்கொண்டிருந்தார். "கொறஞ்சா கொறஞ்சதுதாங்க" என்றார். அவர் குரல் அப்படித் தாழ்ந்து நான் கேட்டதில்லை. இந்த மனிதருக்கு ஐந்து பெண்களின் படிப்பு முக்கியமா, கயிறு முக்கியமா என்று அன்று எனக்குக் கோபம்கூட வந்தது.

மறு சனிக்கிழமை டப்பாவில் புளியங்கொட்டை. அதுவும் வறுக்காத பச்சைக்கொட்டை. டப்பா மறுபடியும் இம்ரானிடமே. வேறு பையனிடம் கொடுக்கச் சொன்னதற்கு, "இவன்தான் பொய் சொல்லாதவன்னு தெரிஞ்சுபோச்சே" என்றார் சார். அன்று இம்ரான் வழி முழுக்க வாயை இறுக மூடிக்கொண்டே நடந்தான். தண்ணீர் குடிக்கக்கூட டப்பாவை வினோதினியிடம் கொடுத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தான்.

முந்நூற்று இருபத்தேழு. மூன்று கிலோமீட்டர் இருநூற்று எழுபது மீட்டர்.

பிள்ளைகள் குதித்தார்கள். சார் அங்கேயே தரையில் ஒரு கழித்தல் கணக்குப் போடவைத்தார். இம்ரான் தின்றது முப்பத்தொன்பது கடலை. "ஒரே ஆளு முன்னூத்தித் தொண்ணூறு மீட்டர் ரோட்ட ஜீரணிச்சிருக்கான்" என்று சார் முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார். இம்ரானும் சிரித்துவிட்டான்.

பிள்ளைகள் அளந்த கணக்கைச் சார் எழுதி அனுப்ப, அதைச் சரிபார்க்கக் கல்வி ஆபீஸிலிருந்து ஒரு அம்மா பங்குனி வெயிலில் வந்தார். கையில் அதே வரைபடம். "கயித்துல அளந்ததெல்லாம் எழுத முடியாதுங்க சார்" என்றார். சார் வாதாடவில்லை. "நீங்களே ஒரு நுனியப் புடிச்சுக்கினு வாங்கம்மா" என்றார். வினோதினி கயிற்றை நீட்டினாள். ஒரு குழந்தை நீட்டுவதை எப்படி மறுப்பது? அந்த அம்மா வாங்கிக்கொண்டார்.

கம்பெனி மதில் ஓரம் ரோடு குறுகுகிற இடத்தில் இரண்டு லாரிகள் எதிரும் புதிருமாக வந்தன. நான் விசில் ஊதினேன். ஒன்று நின்றது. மற்றது நிற்கவில்லை. பிள்ளைகள் மதிலோடு ஒட்டிக்கொண்டார்கள். அந்த அம்மாவும் ஒட்டிக்கொண்டார். லாரி போன பிறகு பார்த்தால் அவர் புடவையெல்லாம் செம்மண் தூசி, வினோதினியின் தலையை ஒரு கையால் தன்னோடு அணைத்திருந்தார்.

"தெனமும் இப்படித்தானா?" என்றார். சாரைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "தெனமும் இப்படித்தாங்கம்மா" என்றேன். மகளுக்காகப் பொது இடத்தில் நான் பேசிய முதல் பேச்சு அது. மூன்று வார்த்தைகூட இருக்காது. வேர்த்துவிட்டது.

அவர் கடைசி வரை நடந்தார். கடைசிக் கொட்டை வரை எண்ணினார். எண் மாறவில்லை. அங்கேயே பள்ளி மதிலில் காகிதத்தை வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஜூனில் வண்டி வந்தது. ஐந்து பெண்களும் ஏறினார்கள். என் மனைவிதான் முதலில் கையசைத்தாள்.

சாரிடம் போய் ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்துவிட்டேன். அவர் முன்னால் நின்றால் எனக்கு வார்த்தை வராது. இப்போது எனக்குப் பகல் ஷிப்ட். தினமும் காலையில் என் கம்பெனி பஸ் எங்கள் ஊர்ப் பள்ளியைக் கடக்கும்போது, புதிய ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு அவர் குனிந்து எதையாவது அளந்துகொண்டிருப்பார். நான் சீட்டை விட்டு எழுந்து நிற்பேன்.

"அண்ணா, கம்பெனி இன்னும் வரலீங்க. உக்காருங்க" என்பார் டிரைவர்.

"தெரியும்பா" என்பேன். பள்ளி மறையும் வரை நின்றுவிட்டு உட்காருவேன்.