எங்க வூட்டு மாட்டுக்கு என்ன பேரு?

மாட்டின் பெயரை யாராவது சொல்ல வாயெடுத்தால் காதைப் பொத்திக்கொள்கிற மனிதரை உலகத்திலேயே நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், அரியலூரில், நாங்கள் பள்ளிக்கூடம் போகும் வழியில் ரயில்வே கேட்டைத் திறந்து மூடியவர். கேட்டுக்காரர் என்போம். சொந்தப் பெயரைக் கேட்டுவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

கூட்ஸ் வண்டிக்குக் கேட்டை மூடினாரென்றால் பாடம் ஆரம்பம். வண்டி போனாலும் பாடம் முடியாமல் கேட் திறக்காது. காத்து நிற்கும் மாட்டுவண்டிக்காரர்கள் வையாத வசவு கிடையாது.

"எவனாச்சும் வந்து, 'ஒங்கப்பா கூட்டியாரச் சொன்னாரு'ன்னா என்ன கேக்கணும்?"

"எங்க வூட்டு மாட்டுக்கு என்ன பேரு?" என்று கத்துவோம்.

"தெரியலன்னா?"

"கத்திக்கிட்டே ஓடணும்!"

ஒருநாள் நான் ஆர்வக்கோளாறில், "எங்க மாட்டுக்குப் பேரு..." என்று ஆரம்பித்துவிட்டேன். கொடியைக் கீழே போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்.

"என்கிட்ட சொல்லாத பாப்பா! நானும் வெளியாளுதான்!"

பரீட்சையும் உண்டு. தலையில் முக்காடும் கையில் கமர்கட்டுமாகப் புளியமரத்தடியில் அவரே நிற்பார். நிஜாரின் காக்கி காட்டிக்கொடுத்துவிடும். கமர்கட்டை வாங்கினால் குட்டு. கேள்வி கேட்டால் இரண்டு கமர்கட்டு. கேள்வி கேட்டுக் கேட்டே என் பல் சொத்தையாயிற்று.

என் அத்தையைக் கட்டி ஒரு மாதமேயான மாமா, குன்னத்திலிருந்து வந்தவர், ஒருநாள் என்னை அழைத்துப்போகப் பள்ளிக்கூட வாசலில் நின்றார். கல்யாணப் பந்தலில் பார்த்த முகம் எனக்கு மறந்தே போயிருந்தது. மாட்டின் பெயரைக் கேட்டேன்.

"மாட்டுக்கெல்லாமா பேரு வெப்பீங்க?" என்று மாப்பிள்ளை முறுக்கோடு சிரித்தார்.

நான் போட்ட கூச்சலில் ஊரே திரண்டு அவரைப் புளியமரத்தில் கட்டிவிட்டது. அப்பா வந்துதான் அவிழ்த்துவிட்டார். தலைதீபாவளிக்கு மாமா எங்கள் பக்கம் தலைகாட்டவில்லை.

அப்பா என்னையும் இழுத்துக்கொண்டு நேரே கேட்டுக்குப் போனார். "பச்சப் புள்ளைங்களுக்கு என்னய்யா கிறுக்குத்தனம் கத்துக் குடுக்குற?"

கேட்டுக்காரர் கொடியைச் சுருட்டியபடியே சொன்னார். "எம்மவளுக்குக் கத்துக் குடுக்கலீங்க. ஆறு வயசு. திருமழபாடித் திருவிழாவுல நான் பொரி வாங்கிட்டு நின்னேன். 'ஒங்கப்பா கூப்புடுறாரு வா'ன்னு ஒருத்தன் கூட்டிட்டுப் போயிட்டான். பொரிக்காரரு பாத்துருக்காரு, சொந்தக்காரன்னு நெனச்சுட்டாரு. எங்க வூட்டு மாட்டுக்குப் பேரு என்னன்னு அவ ஒரு வார்த்த கேட்டிருந்தா அவன் முழிச்சிருப்பான்."

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு வரும்வரை விடவில்லை.

இரண்டு வருடம் கழித்து அவருக்கு மாற்றலாயிற்று. தம் பசுவை எங்கள் வீட்டில் கட்டிவிட்டு, அதன் பெயரை என் காதில் மட்டும் சொன்னார்.

"பேர மாத்திடாத பாப்பா. எம்மவ வெச்ச பேரு. அவளுக்கு இந்த ஊருதான் தெரியும், வந்தா இங்கதான் வருவா. நீ பேரச் சொல்லு. அப்பதான் ஒன்ன நம்புவா."

அந்தப் பசு செத்துப்போய்விட்டது. மாற்றலாகிப் போன ஊரிலேயே அவரும் இறந்துவிட்டதாகக் கேள்வி. எனக்கு அழ வராமல் போன சாவு அது. அவர் போனதை நம்ப இன்னும் மனம் ஒப்பவில்லை. பசுவின் கன்றுக்கும், அதன் கன்றுக்கும் அதே பெயர்தான் வைத்தோம். அதை இங்கே எழுத மாட்டேன்.

திருமழபாடித் திருவிழாவில் தொலைந்த பெண்ணே, எங்காவது இதைப் படித்தால் அரியலூருக்கு வா. உன் அப்பா கூட்டிவரச் சொன்னார். சும்மா நம்பிவிடாதே அம்மா, மாட்டின் பெயரைக் கேள். எனக்குத் தெரியும்.