மூன்றாம் அத்தியாயத்தில் அவள் இறக்கிறாள்

என் நாவலைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்க ஓர் இயக்குநர் முன்வந்தபோது, அதில் ஒரு காற்புள்ளியைக்கூட விட்டுக்கொடுப்பதில்லை என்று சபதம் பூண்டேன். முடிசூடிய மன்னர்கள்கூட இவ்வளவு உறுதியாகச் சபதம் செய்திருக்க மாட்டார்கள். செய்திருந்தாலும் அதை மனைவியிடம் அறிவித்திருக்க மாட்டார்கள்.

"அப்ப மூணாவது அத்தியாயத்துல அவ சாகறதும் அப்படியேதான் இருக்குமா?" என்றாள்.

"அவ செத்தாத்தான் கதையே. மீதிப் பக்கம் பூரா புருஷன் அவளை நினைச்சு உருகறான்."

"உயிரோட இருந்தப்ப ஒரு பக்கமாவது உருகினானா?"

இலக்கியம் அறியாதவரிடம் வாதிடலாகாது. அந்த நாயகி இவளல்ல என்று நெடுநாளாக விளக்கி வருகிறேன். போகுமிடமெல்லாம் குடையை மறந்து வருவதும், கோபத்தைக் கதவிடம் மட்டும் காட்டுவதும் இருவருக்கும் தற்செயலாக அமைந்த ஒற்றுமைகள்.

மறுநாள் இயக்குநர் வந்து அமர்ந்தார். "நாவல் படிக்க நேரமில்லை சார். வாயாலயே சொல்லிடுங்களேன்."

வாய்மொழிக் கதைகளின் பாடபேதங்களை, அதாவது ஒரே கதை ஆளுக்கு ஆள் மாறும் வடிவங்களை, தொகுத்தே தலை நரைத்தவன் நான். கதையை, ஆக்கியவன் வாயால் கேட்பதைவிடக் கேட்டவர் வாயால் கேட்பதே சிறப்பு என்பது என் கொள்கை. அந்த மேதாவித்தனம் உந்த, "இவளைக் கேளுங்கள். கையெழுத்துப் படியை முதலில் கேட்டவள் இவள்தான்" என்றேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் அமர்ந்தாள்.

"அவன் ஒரு பெரிய படிப்பாளி. மொத அத்தியாயத்துலயே மாரடைப்புல போயிடறான்."

துள்ளி எழுந்தேன். "ஏய்! சாகறது அவ!"

"உஸ்! கதை சொல்றவங்க வாயை அடைக்கக் கூடாது, அவங்க எப்படிச் சொன்னாலும் அதுவும் ஒரு பாடம்தான்னு எழுதினது யாரு?"

நான்தான். உட்கார்ந்தேன்.

"அப்புறம் அவ அவனோட படிப்பறையைக் காலி பண்ணி, தையல் வகுப்பு ஆரம்பிக்கறா. தெருவே வந்து சேருது."

"அங்க இருந்த புஸ்தகமெல்லாம்?" என்றார் இயக்குநர், நாற்காலியின் நுனிக்கு வந்து.

"எடைக்குப் போட்டுட்டா."

என் கை தானாகவே நெஞ்சைப் பற்றியது.

"பாருங்க தம்பி, அவனும் இப்படித்தான் பிடிச்சுக்கிட்டான்."

"பிரமாதம்மா! இதுல ஆயிரம் எபிசோடு இருக்கு!"

"தம்பி, மூலக்கதை என்னுடையது!" என்று கதறினேன்.

"மூலக்கதைன்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாதுன்னு மேடைக்கு மேடை முழங்கினவர் இவர்தான்" என்றாள் அவள், வெகு மரியாதையாக.

இயக்குநர் என்னை இரக்கத்தோடு நோக்கினார். வாழ்நாள் ஆய்வு முழுவதும் அவள் பக்கம் சாட்சி சொல்லப் போய்விட்டது.

"சாருக்கும் தொடர்ல ஒரு இடம் உண்டு" என்றார் ஆறுதலாக. "நடிக்கவெல்லாம் வேண்டாம். செத்துப்போன புருஷன் படம் சுவர்ல தொங்கணும். நல்ல போட்டோ ஒண்ணு குடுத்தீங்கன்னா..."

சட்டம் எதுவாயினும் முகம் என்னுடையதுதானே! தேடி எடுக்க எழுந்தேன்.

"நீங்க உக்காருங்க" என்றாள் மனைவி. "நேத்தே பிரேம் போட்டு வாங்கிட்டு வந்துட்டேன்."