செகொந்தோவின் நாய்க்குத் தெரிந்த இடம்

சான் ஜெர்வாசியோ மேடு,
நவம்பர் மாதம், பனிமூட்டம் விலகாத ஒரு செவ்வாய்.

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனன் செகொந்தோவுக்கு,

உன் அக்காள் புருஷன் ஏவாசியோ எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா க்ளெமென்டினாவும் கோழிகளும் சுகம். டூரினில் உன் மகள் வீட்டில் நீயும், டாக்டர்கள் உனக்கு வைத்த புது இடுப்பெலும்பும் ஒருவரோடொருவர் ஒத்துப்போகிறீர்களா என்று அறிய ஆவல். என் நெப்பியோலோ திராட்சை இந்த வருஷம் நன்றாக வந்து பீப்பாயில் இறங்கிவிட்டது. உன் நாய் ப்ரிசா வேளாவேளைக்குத் தின்று, என் நாற்காலியில் தூங்கி, மகாராணியாக இருக்கிறாள். அவளைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். மற்றதைப் பற்றிக் கவலைப்படலாம்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று காரில் பாதி ஏறிய நிலையில் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "அத்தான், ப்ரிசாவை வாசல்லயே கட்டி வைங்க. காட்டுப் பக்கம் கூட்டிட்டுப் போயிடாதீங்க, நேரா என் இடத்துக்கு இழுத்துட்டுப் போயிடுவா. கொல்லைப் பக்கமும் விடாதீங்க, கோழி ருசி கண்டவ." நானும் புனித ரோக்கோ மேல் சத்தியம் செய்தேன். நம் பக்கத்தில் ஒருவன் தன் பாவத்தையெல்லாம் பாதிரியாரிடம் சொல்லுவான். நாய் மோந்து தோண்டுகிற, தங்க விலைக்குப் போகிற வெள்ளை மண்காளான் தனக்குக் கிடைக்கும் இடத்தை மட்டும் சொல்லமாட்டான். கட்டிய பெண்டாட்டிக்கும் தெரியாது. நீ அதில் பெரிய கில்லாடி. உன் வண்டியை ரோக்கோ கோயிலடியில் நிறுத்திவிட்டு எங்கேயோ நடந்து போவாய். ஊர் ஆண்கள் எல்லாரும் அந்தக் கோயிலைச் சுற்றி எலி மாதிரித் தோண்டிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் தோண்டியிருக்கிறேன், அதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

இனி நடந்ததைக் கேள். போன சனிக்கிழமை மிலானிலிருந்து சாந்தினெல்லி என்ற பல் டாக்டரும் அவர் மாமியார் ஒத்தாவியா அம்மாளும் வந்தார்கள். ஊர் சுற்றிக் காட்டுகிற வழிகாட்டி என்ற முறையில் காலையில் ஒயின் நிலவறை, பிறகு நாயோடு காளான் வேட்டை, பிறகு நம் வீட்டில் சாப்பாடு என்று பேசியிருந்தேன். நிலவறையிலேயே சனி பிடித்தது. பத்து வருஷத்துப் பரோலோ ஒயினை ஊற்றிக் கொடுத்தால் அந்த அம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு, "நாக்கை ஏன்ப்பா இப்படிப் பிடிச்சு இழுக்குது? ரெண்டு ஐஸ்கட்டி போடு" என்கிறாள்! நிலவறைக்காரர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு வெளியே போனவர் திரும்பி வரவே இல்லை. அது முடிந்து வெளியே வந்தால், வழக்கமாக வேட்டை நடத்தித் தரும் ஜெப்பின் காய்ச்சலில் படுத்துவிட்டதாக ஆள் அனுப்பியிருக்கிறான், அவன் நாய்க்கும் காய்ச்சலாம். நான் என்ன செய்வேன்? விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் நம் குடும்பத்தில் உண்டா? அதனால்தான் ப்ரிசாவை அவிழ்த்தேன், செகொந்தோ. சத்தியத்தை மீறவில்லை, கொஞ்சம் வளைத்தேன். உன் இடம் எதுவோ அங்கே போகக்கூடாது என்று கீழே ஓடைக்கரைக் காட்டுக்குத்தான் போனோம். விருந்தாளி ஏமாறக்கூடாதே என்று ஆல்பா சந்தையில் வாங்கிய சின்னக் காளான் ஒன்றை அங்கே ஓக் மரத்தடியில் முன்னாடியே புதைத்தும் வைத்திருந்தேன். எல்லா வழிகாட்டியும் செய்வதுதானே.

உன் நாய்க்கு இருக்கும் திமிர் இருக்கிறதே! நேராக அந்த மரத்தடிக்குப் போனாள், மோந்தாள், என்னைப் பார்த்தாள். கெட்டுப்போன மீனை வீட்டுக்கு வாங்கி வந்தால் உன் அக்கா பார்க்கும் அதே பார்வை. பிறகு திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நானே குனிந்து தோண்டி, "ஆகா, பாருங்கள்!" என்று எடுத்துக் காட்டினேன். ஒத்தாவியா அம்மாள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாப்பிள்ளை, இதுக்கு யாரோ பல்லு விளக்கி விட்டிருக்காங்க" என்றாள். சந்தைக்காரன் மண்ணையெல்லாம் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கொடுத்திருந்ததை நான் யோசிக்கவில்லை. டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் என் தொழிலே ஆட்டம் கண்டது.

அந்த நேரம் பார்த்து ப்ரிசா கயிற்றை இழுத்தாள் பார், அப்படி ஓர் இழுப்பு! ஹேசல் தோப்பைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, மேட்டின் மேல் ஓடுகிறாள். ஐயோ, உன் இடத்துக்குத்தான் போகிறாள்! "எல்லாரும் கண்ண மூடுங்க! இது என் மச்சானோட ரகசியம்!" என்று கத்தினேன். அவர்கள் மூடவில்லை. நான் மூடினேன், செகொந்தோ. உன் ரகசியத்துக்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஓடினேன். ஓடையில் விழுந்ததும், முள்வேலியில் என் ஞாயிற்றுக்கிழமைக் கால்சட்டை கிழிந்ததும் அதனால்தான். கடைசியில் நாய் நின்றது. மண் பறக்கும் சத்தம் கேட்டது. மண்காளானின் அந்த வாசனை வந்தது. கண்ணைத் திறந்தால், எதிரே என் கோழிக்கூடு.

என் வீட்டுக் கொல்லை. என் லிண்டன் மரம். நான் தினமும் சாய்ந்து உட்காரும் என் பெஞ்சின் காலடியில், என் முஷ்டியளவு வெள்ளைக் காளான்.

"சொந்தக் கொல்லையில வெச்சுக்கிட்டு எதுக்குய்யா எங்களை ஓடை ஓடையா இழுத்தடிச்சே?" என்றாள் ஒத்தாவியா அம்மாள். டாக்டரோ, "விலை சொல்லுங்க, விலை சொல்லுங்க" என்று குதிக்கிறார். அதற்குள் உன் அக்கா சமையலறையிலிருந்து காளான் சீவும் பலகையைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தாள். "விக்கிறதுக்கில்ல. முட்டை நூடுல்ஸ் வெந்தாச்சு, வந்து உக்காருங்க" என்றாள். பலகை எப்படித் தயாராகக் கையில் இருந்தது என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. அந்த அம்மாள் மூன்று தட்டு தின்றாள், ஐஸ் இல்லாமல் பரோலோ குடித்தாள், போகும்போது என் நெற்றியில் முத்தமிட்டுப் போனாள். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

ஏனென்றால் உன் ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. நெத்திலியும் பூண்டும் மிதக்கும் குழம்பில் ரொட்டியைத் தோய்த்து வழித்துத் தின்றுவிட்டு, "நீங்க போய்க் கண்ணசருங்க அத்தான், நான் கொல்லையில காத்தாட உக்காந்திருக்கேன்" என்பாயே! காற்றா வாங்கினாய்? "இலை குப்பையா கெடக்கு, நானே கூட்டிடறேன்" என்பாய். எவ்வளவு நல்ல மைத்துனன் என்று ஊரெல்லாம் பெருமையடித்தேனே! நான் அந்த மரத்தை வெட்டி இன்னும் ஒரு வரிசைத் திராட்சைக் கொடி நடப் போனபோது, "செத்துப்போன அம்மாவுக்குப் புடிச்ச நிழல் அத்தான்" என்று அழுதாய். நானும் உன்னோடு சேர்ந்து அழுதேன். உன் அம்மா வெயில் பிரியை என்பது இப்போதுதான் உறைக்கிறது. கிறிஸ்துமஸுக்குக் கோலிக்குண்டு அளவில் ஒரு காளானைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வருவாய். நான் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு ஒரு பெட்டி பரோலோ கொடுத்தனுப்புவேன். என் வீட்டுக் காளானுக்கு என் வீட்டு ஒயின்! நீ எடுத்ததுகூடப் போகட்டும். ஒரே மேசையில் உட்கார்ந்து தின்றுவிட்டு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, அதுதான் நெஞ்சை அறுக்கிறது. உன்னை நான் தம்பியாக நினைத்தேன்.

ஆகவே முடிவைக் கேட்டுக்கொள். வரும் சனிக்கிழமை மரம் விழுகிறது. இனி உனக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடும் இல்லை, பரோலோவும் இல்லை. உன் இடுப்பைப் புனித ரோக்கோ காப்பாற்றட்டும், உன் மகளும் பேரப்பிள்ளைகளும் நோய்நொடியின்றி நீடூழி வாழட்டும். மற்றபடி உனக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

இப்படிக்கு,
மனமொடிந்த அத்தான்
ஏவாசியோ

பி.கு.: மர விஷயத்தைத் தள்ளிப் போட்டிருக்கிறேன். அன்று ப்ரிசா தோண்டியதும் வழக்கமான கூலியாக ஒரு துண்டு ரொட்டி கொடுத்திருக்க வேண்டும். கோபத்தில் மறந்து தொலைத்தேன். அன்றிலிருந்து தின்னும் நேரமும் தூங்கும் நேரமும் போக, மரத்தடியில் எனக்கு முதுகைக் காட்டி, டூரின் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். ரொட்டி நீட்டினேன், சீஸ் நீட்டினேன், முழங்காலிட்டும் கெஞ்சினேன். தோண்ட மாட்டேன் என்கிறாள். நானே தோண்டினேன், புழு வந்தது, கோழிகளுக்கு விருந்து. கைத்தடியை ஊன்றிக்கொண்டாவது சீக்கிரம் வந்து சேர், மச்சான். பாதி உனக்கு, பாதி எனக்கு. பரோலோவை எடுத்து வைக்கிறேன்.

இன்னொரு பி.கு.: ஒட்டுவதற்கு முன் உன் அக்கா கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "பாதிப் பாதியெல்லாம் ஆகாதுன்னு எழுதுங்க. இத்தனை வருஷமா தம்பிக்குப் பாதி, எனக்குப் பாதி. உங்களுக்கு வேணும்னா அவன் பங்குல கேளுங்க" என்கிறாள்.