அரக்கனை 'நீங்கள்' என்றழைத்த நாயகன்

அரக்கர்கோன் போருக்கு எழவில்லை. நாயகனுக்கு இருக்கை காட்டினான். நாயகனும் அமர்ந்தான். இருக்கை கொடுத்தவர் விடைகொடுக்காமல் எழலாகாது என்பது ஆட்டத்தின் விதியாகையால், அதன்பின் திரையில் எதுவும் அசையவில்லை.

வடிவமைப்பாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். மாலையில் முதலாளி வந்து அந்தக் கணினி விளையாட்டின் இரண்டாம் பாகத்தை ஆடிப் பார்க்கவிருந்தார். அவருக்குப் பிடிக்காவிட்டால் விளையாட்டுப் பிரிவே மூடப்படும். தலை நரைத்தபின் வேறெங்கே போய் வேலை கேட்பது என்று வடிவமைப்பாளருக்குத் தெரியவில்லை.

முதற்பாகத்தில் இத்தொல்லை இருந்ததில்லை. வாள் இருந்தது, வெட்டினால் புள்ளி கிடைத்தது, புள்ளி சேர்ந்தால் இன்னும் பெரிய வாள் கிடைத்தது. ஆனால் இரண்டாம் பாகம் மரியாதையாக வரவேண்டும் என்று முதலாளி கூறியதாக வரவேற்பறை அம்மாள் வந்து தெரிவிக்கவே, வடிவமைப்பாளர் வாளைப் பிடுங்கிவிட்டு மரியாதைப் புள்ளிகளை நிறுவினார். எவரை எவ்வாறு விளிக்கிறானோ, அதற்கேற்பவே நாயகனுக்கு நட்போ பகையோ வாய்க்கும்.

"எல்லாரையும் 'நீங்க'ன்னு கூப்பிடுறான் சார். அப்புறம் எவன் சண்டைக்கு வருவான்?" என்றாள் நிரல் எழுதுபவள்.

"அப்ப எல்லாத்தையும் 'நீ'ன்னு மாத்தும்மா."

மாற்றினாள். அரக்கர்கோன் சினந்து எழுந்தான், அதுவரை நன்று. ஆனால் அவனிடம் போய்ச் சேருவதே அரிதாயிற்று. புறப்படும்போதே நாயகனின் மாமியார் பேச்சை நிறுத்திக்கொண்டாள். சத்திரக்காரர் அறை இல்லை என்று கதவைச் சாத்தினார். புள்ளிகள் தரைமட்டத்துக்கு இறங்கிய நிலையில், குதிரைகூட அவனைக் கீழே தள்ளிவிட்டுத் தனியே வீடு திரும்பியது.

மூத்தோரை 'நீங்கள்' என்றும் இளையோரை 'நீ' என்றும் அழைக்கட்டும் என்று அடுத்து முடிவாயிற்று. அரக்கர்கோனுக்கு ஆயிரம் வயது என்பதை இருவருமே மறந்திருந்தனர். நாயகன் அவன்முன் கைகட்டி நின்றான். அரக்கர்கோன் நெகிழ்ந்துபோய், தன் மகளை மணமுடித்துத் தருவதாக வாக்களித்தான்.

"ஏற்கெனவே கல்யாணமானவன் சார். மாமியார் வேற பார்த்துட்டு இருக்காங்க."

அரக்கனின் வயதைக் குறைத்தனர். நாயகன் அவனைத் 'தம்பி' என்றழைத்து, இந்த வயதில் இத்தனை கோபம் எதற்கு என்று அறிவுரை கூறத் தொடங்கினான். அந்த அறிவுரை முடிவதாகத் தெரியவில்லை.

வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வடிவமைப்பாளர் கடைசியாக ஒரு வழி சொன்னார்.

"ஒருத்தரை எப்படிக் கூப்பிடுறதுன்னு தெரியலைன்னா நாம என்ன பண்றோம்? மொட்டையாப் பேசிச் சமாளிக்கிறோம்ல. அவனும் அப்படியே சமாளிக்கட்டும்."

அவ்வாறே நாயகன் எவரையும் விளிக்காமல், 'வந்தாச்சா', 'சாப்பிட்டாச்சா', 'சண்டையை ஆரம்பிக்கலாமே' என்று பொதுவாகப் பேசினான். யாரிடம் பேசுகிறான் என்பது விளங்காமையால் அரக்கர்கோனும் மாமியாரும் குதிரையும் ஒருசேர விடையளித்தனர். திரை உறைந்தது.

அந்நிலையில் முதலாளி உள்ளே நுழைந்தார். உறைந்த திரையை நெடுநேரம் உற்றுநோக்கினார்.

"வாள் எங்கய்யா?"

"எடுத்துட்டோம் சார். நீங்க சொன்னபடி, முழுக்க முழுக்க மரியாதைதான்."

"மரியாதையா? நான் எப்பய்யா கேட்டேன்?"

வடிவமைப்பாளர் மேசைமேலிருந்த தம் கோப்பையையும் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் மெல்ல எடுத்துப் பைக்குள் வைக்கத் தொடங்கினார். நிரல் எழுதுபவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

முதலாளியின் கையொப்பத்துக்காக வாசலில் காத்துநின்ற வரவேற்பறை அம்மாள் தொண்டையைச் செருமினாள்.

"நீங்கதானே சார் ஃபோன்ல, 'அந்தாளை மரியாதையா ரெண்டாம் பாகத்தை முடிச்சுக் குடுக்கச் சொல்லு'ன்னு கத்துனீங்க? அதையேதான் நான் கத்தாம சொன்னேன்."