புது ஹோம் விவகாரம்

பாலக்கரை, திருச்சி.

அன்பு மகள் பிரான்சிக்கு,

அப்பா அடைக்கலராஜ் ஆசீர்வதித்து எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் என் முழங்காலும் ஏதோ ஓடுகிறோம். பெங்களூரில் நீ சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் பூசையில் கேட்டுக்கொள்கிறேன். போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேம்ப்பா" என்கிறாய். கடிதத்திடம் அப்படிச் சொல்ல முடியாதல்லவா, அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். போன ஞாயிறு என்னோடு பேசிக்கொண்டிருந்தவள், போனை வைக்காமலே வேறு யாரிடமோ, "பழைய ஹோம் சரியில்ல, புது ஹோம் ரெடி, கிறிஸ்மஸுக்கு முன்னாடி மாத்திடலாம்" என்றாய். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நம் ஊரில் ஹோம் என்றால் என்ன? வயசானவர்களைப் பிள்ளைகள் கொண்டுபோய் விடுகிற இடம். உன் அம்மா போய் மூன்று வருஷத்துக்குள் பெற்ற பெண்ணே நம்மை மூட்டை கட்டுகிறாளே என்று அழுதேன், பொய் சொல்வானேன். அப்பனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியாதபடி இவள் அப்படி என்னதான் வேலை பார்க்கிறாள்? உன்னைக் கேட்க ரோஷம் விடவில்லை. அதே வேலை செய்கிறவர்களைக் கேட்டுவிடுவது என்று நோட்டுப் புத்தகத்தோடு கிளம்பினேன். பக்கத்து வீட்டு லின்சி உன்னைப் போல வெப் டிசைன் வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள் என்று துணைக்கு ஒரு பொய்.

மலைக்கோட்டைக்குக் கீழே ஜவுளிக்கடை மாடியில் பரக்கத் அலி என்றொருவர். "எந்த மாதிரி சைட் வேணுங்க?" என்றார். "சைட்டெல்லாம் வேணாங்க, கே.கே. நகர்ல ஒண்ணு சும்மாதான் கிடக்கு" என்றேன். சிரித்துவிட்டு டீ வாங்கித் தந்தார். "நான் படிச்சது பி.காம்ங்க. பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டதுதான். டிசைன் போட ஒரு நாள். இந்த நீலம் வேணாம், வேற நீலம் போடுங்கம்பாங்க, அதுக்கு ஒரு மாசம்" என்றார். இதற்கா என் பிள்ளை சோறு தண்ணியில்லாமல் கிடக்கிறாள் என்று மனசு ஆறவில்லை.

அடுத்து ஸ்ரீரங்கம். சித்திரை வீதியில் ரங்கநாயகி என்ற பெண் வீட்டிலிருந்தே உன் வேலையைத்தான் செய்கிறாள். "உக்காருங்கோ மாமா. இதோ, பழைய ஹோமை எடுத்துட்டுப் புதுசு வெக்கறேன்" என்று கம்ப்யூட்டரைக் காட்டினாள்.

"யாரை அனுப்பறதுக்கும்மா?" என்றேன்.

"யாரையும் இல்லே மாமா! வெப்சைட்டோட முதல் பக்கத்துக்கு ஹோம்னு பேரு. உள்ளே எங்கே சுத்தினாலும் ஒரே தட்டுல அங்கே திரும்பி வந்துடணும். அதுக்கு வழி வெக்கலேன்னா பாக்கறவா எங்களைத் திட்டுவா."

அங்கேயே அழுதுவிட்டேன். பாவம், பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். முழுசாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். நீ என்னோடு அவ்வளவு நேரம் பேசி எத்தனை நாளாயிற்று?

ஆக, உன் வேலை எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துகொண்டேன். இனி நச்சரிக்க மாட்டேன். லீவு கிடைக்காவிட்டால் கிறிஸ்மஸுக்கு வர வேண்டாம். பூசை, பேப்பர், தூக்கம் என்று எனக்குப் பொழுது நன்றாகவே போகிறது. மாதா உன்னைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
அன்பு அப்பா

பி.கு.: வர வேண்டாம் என்று எழுதியதை நம்பிவிடாதே, அது ரோஷம். ஹோமுக்குப் போக, உன் பேச்சைக் கேட்ட அன்றைக்கே கட்டி வைத்த பெட்டியைப் பிரிக்கவே மனசு வரவில்லை. வெள்ளிக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு உன்னிடமே வருகிறேன். மீட்டிங் இருந்தால் இருக்கட்டும். பக்கத்தில் ஒரு நாற்காலி மட்டும் போட்டு வை, நான் பேசவே மாட்டேன்.